சைக்கிளுக்குத் தனிப் பாதையா, எல்லோருக்கும் ஒரே சாலையா? - ஒரு நூறாண்டுத் தகராறின் கதை

பெரிய நகரங்களில் சைக்கிளை எங்கே ஓட்டுவது? கார், பஸ், லாரி போகும் சாலையிலேயே மற்ற வண்டிகளோடு சேர்ந்து போவதா? அல்லது அதற்கென்று தனியாக ஒரு பாதை போட்டுத் தரவேண்டுமா? கேட்பதற்கு மிகச் சாதாரணமான கேள்வி. "தனிப் பாதை இருந்தால் நல்லதுதானே, இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது?" என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் வரலாற்றைப் புரட்டினால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. சைக்கிள் பாதை வேண்டாம் என்று மிகக் கடுமையாக எதிர்த்தவர்கள் கார்க்காரர்கள் அல்ல, சைக்கிளோட்டிகள்தான்! இங்கிலாந்தில் 1930களிலும், அமெரிக்காவில் 1970களிலும் சைக்கிள் சங்கங்களே முன்னின்று தனிப் பாதைகளை எதிர்த்தன. அதே காலத்தில் ஹாலந்து மக்கள் தனிப் பாதை கேட்டுத் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஒரே வண்டி, ஒரே ஆபத்து, முற்றிலும் எதிரான இரண்டு முடிவுகள். இது எப்படி நடந்தது, இதில் யார் கணித்தது சரியாக இருந்தது என்று பார்க்கலாம்.

சாலை யாருடையது?

இன்று நாம் காணும் வடிவத்தில் சைக்கிள் பிறந்தது 1885ல். ஜான் கெம்ப் ஸ்டார்லி என்ற ஆங்கிலேயர் இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க, பின் சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டும் "ரோவர்" சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1888ல் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை துணிச்சல்காரர்களின் விளையாட்டாக இருந்த சைக்கிள், அதன்பின் எல்லோரும் ஓட்டக்கூடிய வண்டியானது.

கார் வருவதற்கு முன்பே இங்கிலாந்தின் சாலைகளுக்காகப் பாடுபட்டவர்கள் சைக்கிளோட்டிகள். ரயில் வந்தபின் கவனிப்பாரற்றுக் கிடந்த சாலைகளைச் செப்பனிடவேண்டும் என்று வலியுறுத்த, 1886ல் சைக்கிள் சங்கங்கள் சேர்ந்து சாலை மேம்பாட்டுச் சங்கம் ஒன்றைத் தொடங்கின. 1888ல் வந்த உள்ளாட்சிச் சட்டம், சைக்கிளும் சட்டத்தின் பார்வையில் ஒரு "வண்டி"தான் என்று அறிவித்தது. குதிரை வண்டிக்கு உள்ள அத்தனை உரிமையும் சைக்கிளுக்கும் உண்டு என்பது இதன் பொருள். அதற்கு முன் ஒவ்வொரு ஊரும் தன் இஷ்டத்துக்குத் தடை போட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தொல்லை ஒழிந்தது.

இந்த வெற்றியை இங்கிலாந்து சைக்கிளோட்டிகள் மறக்கவே இல்லை. சாலை என்பது அவர்களுக்குப் போராடிப் பெற்ற உரிமை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம்.

1934: லண்டனின் முதல் சைக்கிள் பாதை

1930களில் இங்கிலாந்துச் சாலைகள் கொலைக்களமாகியிருந்தன. 1934ம் ஆண்டில் மட்டும் பிரிட்டனில் 7,343 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். இன்று இருப்பதில் மிகச் சிறிய பங்கு மோட்டார் வண்டிகளே ஓடிய காலத்தில் இத்தனை சாவு! இறந்தவர்களில் பெரும்பாலோர் நடந்து போனவர்களும் சைக்கிளில் போனவர்களும்.

அந்த ஆண்டு போக்குவரத்து அமைச்சரானவர் லெஸ்லி ஹோர்-பெலிஷா. ஓட்டுநர் தேர்வைக் கட்டாயமாக்கியது, ஊருக்குள் மணிக்கு 30 மைல் வேக வரம்பை 1935ல் கொண்டுவந்தது எல்லாம் இவர் காலத்தில்தான். பாதசாரிகள் கடக்கும் இடத்தில் கோடு போட்ட கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சு நிற உருண்டை விளக்கு வைத்தவரும் இவரே. அந்த விளக்குக்கு இன்றும் அவர் பெயர்தான்.

1934 டிசம்பரில் மேற்கு லண்டனின் வெஸ்டர்ன் அவென்யூ சாலையோரத்தில் நாட்டின் முதல் சைக்கிள் பாதையை அவர் திறந்துவைத்தார். சாலையின் இரண்டு பக்கமும் கான்கிரீட் பாதை. ஒவ்வொன்றும் எட்டரை அடி அகலம், இரண்டரை மைல் நீளம். தொழிலாளர்கள் சைக்கிளில் வேலைக்குப் போகும் சாலை அது. அவர்களின் உயிரைக் காக்க அமைச்சர் செய்த நல்ல காரியமாகவே பலருக்கும் பட்டது.

ஆனால் சைக்கிளோட்டிகளின் தேசியச் சங்கம் கொதித்தெழுந்தது. கண்டனக் கூட்டங்கள் நடந்தன. அவர்கள் சொன்ன காரணங்கள் மூன்று:

1. பாதையின் தரம் மோசம். பக்கத்துத் தெரு வந்து சேரும் இடங்களில் எல்லாம் பாதை அறுபடுகிறது. எங்கே ஆபத்து அதிகமோ அங்கே பாதுகாப்பு இல்லை.

2. இன்று "விரும்பினால் பயன்படுத்துங்கள்" என்பார்கள். நாளை "இதில்தான் போகவேண்டும், சாலைக்கு வரக்கூடாது" என்பார்கள்.

3. ஆபத்தை உண்டாக்குவது கார். அப்படியிருக்க, அடக்கவேண்டிய காரை விட்டுவிட்டு, சைக்கிளை ஓரமாக ஒதுக்குவது என்ன நியாயம்?

இவற்றில் எதையும் வெறும் வீம்பு என்று தள்ளிவிட முடியாது. குறிப்பாக இரண்டாவது பயத்துக்குக் கண்ணெதிரே ஓர் உதாரணம் இருந்தது. அதே 1930களில் நாஜி ஜெர்மனி சைக்கிள் பாதை இருக்கும் இடங்களில் சைக்கிளோட்டிகள் அதைத்தான் பயன்படுத்தவேண்டும் என்று கட்டாயமாக்கியது. கார்களுக்குத் தடையில்லாமல் சாலையை விடுவிப்பதில் அந்த அரசு வெளிப்படையாகவே அக்கறை காட்டியது. அந்தப் பொதுவான கட்டாயத்தை ஜெர்மனி தளர்த்தியது 1998ல்தான். அதற்குரிய பலகை வைத்த பாதையில் மட்டுமே கட்டாயம் என்று அப்போது விதி மாறியது.

எதிர்ப்பையும் மீறி பிரிட்டிஷ் அரசு ஹாலந்து அதிகாரிகளிடம் ஆலோசனை கேட்டு, இரண்டாம் உலகப்போர் தொடங்கும்வரை 250 மைலுக்கும் மேல் சைக்கிள் பாதைகளைப் போட்டது. ஆனால் அவற்றைக் காப்பாற்ற ஆளில்லை. அரசு போரில் மூழ்கியது. சங்கமோ அவை ஒழிந்தால் போதும் என்றிருந்தது. போருக்குப் பின் பல பாதைகள் கார் நிறுத்தும் இடங்களாகின. சில புல் மூடிப் போயின. பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கே, தங்கள் வாசலில் இருக்கும் அகலமான கான்கிரீட் பட்டை ஒருகாலத்தில் சைக்கிள் பாதை என்று தெரியாமல் போனது.

சங்கம் தன் உரிமையைக் காப்பாற்றிக்கொண்டது. ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்த ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அரசு புள்ளிவிவரப்படி பிரிட்டனில் 1949ல் சைக்கிளில் ஓட்டப்பட்ட மொத்தத் தொலைவு சுமார் 24 பில்லியன் கிலோமீட்டர். 1973ல் அது 4 பில்லியனுக்கும் கீழே போய்விட்டது. கால் நூற்றாண்டில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது!

ஹாலந்து: குழந்தைகளின் பெயரால்

ஹாலந்து என்றதும் சைக்கிள் நினைவுக்கு வருகிறது. நிலம் தட்டையானது, அவர்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள், அதனால் அங்கே எல்லாம் தானாக அமைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையல்ல.

போருக்கு முன் ஹாலந்தில் சைக்கிள் பெருகியிருந்தது உண்மை. 1924ல் அரசு சைக்கிளுக்கு வரிகூடப் போட்டது. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒரு சிறு உலோகத் தகட்டை வண்டியில் மாட்டிக்கொள்ளவேண்டும். நெடுஞ்சாலை ஓரங்களில் சைக்கிள் பாதைகளும் இருந்தன. ஆனால் 1950களிலும் 60களிலும் செல்வம் பெருக, ஹாலந்தும் மற்ற நாடுகள் போன வழியிலேயே போனது. கார்கள் குவிந்தன. கால்வாய்கள் தூர்க்கப்பட்டன. சதுக்கங்கள் கார் நிறுத்தும் இடங்களாகின. 1967ல் டேவிட் ஜோகினன் என்ற அமெரிக்கர், ஆம்ஸ்டர்டாமின் பழைய பகுதிகளை இடித்து விரைவுச்சாலை அமைக்கும் திட்டம் ஒன்றை முன்வைத்தார். அது நிறைவேறவில்லை என்றாலும் காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதற்கு அது நல்ல சாட்சி. சைக்கிளில் போவோர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது.

அதற்கான விலை பயங்கரமாக இருந்தது. 1971ல் அந்தச் சிறு நாட்டில் சுமார் 3,300 பேர் சாலை விபத்தில் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள்.

அப்படி இறந்த ஒரு சிறுமியின் தந்தை விக் லாங்கன்ஹாஃப். அவர் ஒரு பத்திரிகையாளர். 1972ல் தன் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு "குழந்தைக் கொலையை நிறுத்து" என்பது. "விபத்து" என்ற சொல்லை அவர் ஏற்கவில்லை. ஆண்டுதோறும் இத்தனை குழந்தைகள் சாவார்கள் என்று தெரிந்தே ஒரு சமூகம் சாலை போடுகிறது என்றால், அதற்கு வேறு பெயர்தான் வைக்கவேண்டும் என்பது அவர் வாதம்.

அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. பெற்றோர்கள் தெருக்களை மறித்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் நெரிசல் மிகுந்த டி பைப் பகுதியில் குழந்தைகளே தங்கள் தெருவில் தடுப்பு வைத்து, கார் வராதபடி மூடி விளையாடினார்கள். ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். வண்டியோடு தரையில் படுத்து, சாலையில் இறந்தவர்களை நினைவூட்டினார்கள்.

1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அரபு நாடுகள் ஹாலந்துக்கு எண்ணெய் தர மறுத்தன. அரசு நவம்பர் 4 முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதைத் தடைசெய்தது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் சைக்கிளிலும், சறுக்குச் சக்கரத்திலும், குதிரையிலும் உலா வந்தார்கள். காரில்லாத ஊர் எப்படி இருக்கும் என்று ஒரு தலைமுறையே நேரில் பார்த்துவிட்டது. 1975ல் சைக்கிளோட்டிகளுக்கென்று புதிய சங்கம் தொடங்கப்பட்டது. லண்டன் சங்கம் கேட்காததை இது கேட்டது. நல்ல தனிப் பாதைகள் வேண்டும் என்றது.

1970களின் நடுவில் அரசு டென் ஹாக், டில்பர்க் ஆகிய இரண்டு நகரங்களில் மாதிரிச் சைக்கிள் வழிகளை அமைத்துப் பார்த்தது. டென் ஹாக்கில் கடைக்காரர்கள் கார் நிறுத்த இடம் போய்விடும், வியாபாரம் படுத்துவிடும் என்று சண்டை பிடித்தார்கள். (எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் எழும் குரல் இது!) அந்த வழிகளில் சைக்கிள் பெருகியது. ஆனால் ஊர் மொத்தத்துக்கும் பெரிய மாற்றம் இல்லை. ஒரே ஒரு நல்ல பாதை போதாது, வீட்டு வாசலிலிருந்து போகவேண்டிய இடம்வரை தொடர்ந்து பாதை இருக்கவேண்டும் என்ற பாடம் கிடைத்தது.

1980களில் டெல்ஃப்ட் நகரம் அந்தப் பாடத்தைச் செயல்படுத்தியது. ஊர் முழுவதற்கும் மூன்று அடுக்கு வலைப்பின்னல். ஊரின் பெரிய வழிகள் சுமார் 500 மீட்டருக்கு ஒன்று, வட்டார வழிகள் 200 முதல் 300 மீட்டருக்கு ஒன்று, அதற்குக் கீழே தெரு அளவிலான சிறு வழிகள். ஏற்கெனவே இருந்த தெருக்களையே பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். அறுபட்ட இடங்களை ஒரு பாலம், ஒரு சுரங்கவழி, ஒரு குறுக்குச் சந்து என்று இணைத்தார்கள். சைக்கிள் பயணம் ஊர் முழுவதும் கூடியது.

கலிஃபோர்னியாவின் பிடிவாதக்காரர்

இதே காலத்தில் அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போனது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் என்ற பல்கலைக்கழக ஊர் 1967ல் அந்நாட்டின் முதல் சைக்கிள் தடங்களை அமைத்தது. மற்ற ஊர்களும் பின்பற்றத் தொடங்கின. ஆனால் எல்லா ஊரும் டேவிஸ் போலக் கவனமாகச் செய்யவில்லை. பாலோ ஆல்ட்டோ நகரம் சில சாலைகளில் சைக்கிளோட்டிகள் நடைபாதையில் குறிக்கப்பட்ட வழியில்தான் போகவேண்டும் என்று விதி போட்டது.

அந்த ஊரில் வசித்த ஜான் ஃபாரஸ்டர் என்ற பொறியாளர் வேண்டுமென்றே சாலையில் ஓட்டி, அபராதச் சீட்டு வாங்கி, வழக்காடினார். கடற்படை நாவல்களால் புகழ்பெற்ற சி.எஸ். ஃபாரஸ்டரின் மகன் இவர். 1976ல் இவர் வெளியிட்ட புத்தகம் ஒரு தலைமுறை சைக்கிளோட்டிகளுக்கு வேதம்போல ஆனது. சைக்கிளோட்டி தன்னை ஒரு வாகன ஓட்டியாகக் கருதி, ஓரமாகப் பதுங்காமல் தடத்தின் நடுவில் தெளிவாகத் தெரியும்படி ஓட்டவேண்டும், மற்றவர்களும் அவரை வாகன ஓட்டியாகவே நடத்தவேண்டும் என்பது அதன் சாரம்.

இவர் சொன்னதில் பொறியியல் உண்மை இருந்தது. ஊருக்குள் சைக்கிள் மீது கார் மோதுவது பெரும்பாலும் பின்னாலிருந்து அல்ல, சந்திப்புகளில்தான். பாதை தனியாகப் போகும்போது கார்க்காரர் கண்ணில் சைக்கிள் படுவதில்லை. சந்திப்பில் அவர் திரும்பும்போது திடீரென்று குறுக்கே வருகிறது. நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிக் கோடு போட்டால், யாராவது கதவைத் திறக்கும்போது அதில் மோதி விழவேண்டியதுதான். மோசமான பாதை, பாதையே இல்லாததைவிட ஆபத்து என்று அவர் சொன்னது பல இடங்களில் சரி.

ஆனால் அவர் இதிலிருந்து நல்ல பாதை வேண்டும் என்ற முடிவுக்கு வரவில்லை. பாதையே வேண்டாம் என்று முடிவுகட்டினார். அதே சிக்கலைத்தான் ஹாலந்துப் பொறியாளர்கள் வேறு விதமாகத் தீர்த்தார்கள். பக்கத்துத் தெரு வந்து சேரும் இடத்தில் சைக்கிள் பாதையின் மட்டத்தை உயர்த்தி, கார் மேடேறி மெதுவாகத்தான் கடக்க முடியும்படி செய்தார்கள். பெரிய சந்திப்புகளில் பாதையை ஒரு கார் நீளம் உள்ளே தள்ளினார்கள். திரும்பும் கார் முழுவதும் திரும்பி முடித்து, சைக்கிளை நேருக்கு நேர் பார்த்து நிற்க அங்கே இடம் இருக்கும். மூலைகளில் சிறு திட்டு வைத்து, கார் குறுக்கே வெட்டித் திரும்ப முடியாமல் செய்தார்கள். சிக்னலில் சைக்கிளுக்குத் தனி விளக்கு வைத்தார்கள்.

ஃபாரஸ்டரின் முறைக்கு இன்னொரு குறையும் உண்டு. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் லாரிக்கு முன்னால் தடத்தின் நடுவில் அசராமல் ஓட்ட யாரால் முடியும்? பயிற்சியும் உடல் வலுவும் துணிச்சலும் உள்ளவர்களால் முடியும். பத்து வயதுப் பெண்ணால் முடியுமா? எழுபது வயதுப் பாட்டியால் முடியுமா? குழந்தையைப் பின்னால் உட்காரவைத்த தாயால் முடியுமா? சாலைக்கு உரிமை இருந்தும் அதைப் பயன்படுத்த அஞ்சுபவருக்கு அந்த உரிமையால் என்ன பயன்?

இருந்தாலும் அவர் கருத்து அமெரிக்கச் சாலைப் பொறியாளர்களுக்கு வசதியாக இருந்தது. பாதை போடவேண்டாம், செலவு மிச்சம், சைக்கிளோட்டிகளே வேண்டாம் என்கிறார்களே! பல பத்தாண்டுகள் அமெரிக்கப் பொறியியல் கையேடுகள் தடுப்புள்ள நகரப் பாதைகளை ஆதரிக்கவில்லை. 1980ல் நியூயார்க் மேயர் எட் கோச், பெய்ஜிங் நகரின் சைக்கிள் வெள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்து மன்ஹாட்டனில் கான்கிரீட் தடுப்பு வைத்த பாதைகளை அமைத்தார். எதிர்ப்பு கிளம்பவே, சில வாரங்களில் அவரே அவற்றைப் பெயர்த்தெடுத்தார். அந்நகரம் மறுபடி துணிந்து ஒன்பதாவது அவென்யூவில் தடுப்புள்ள பாதை போட 2007 வரை ஆயிற்று.

பாதை இருந்தும் ஆளில்லாத ஊர்

அப்படியானால் தனிப் பாதை போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை என்கிறது லண்டனுக்கு வடக்கே இருக்கும் ஸ்டீவனேஜ்.

1946ல் புதிய நகரமாக அறிவிக்கப்பட்ட இந்த ஊரின் தலைமைப் பொறியாளர் எரிக் கிளாக்ஸ்டன். இவர் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போனவர். ஹாலந்தைப் பார்த்துக் கற்று, ஊரின் முக்கியச் சாலைகளோடு சைக்கிள் பாதைகளையும் சேர்த்தே கட்டினார். ரவுண்டானாக்களில் சைக்கிள் பாதை கார்களுக்குக் கீழே சுரங்கவழியாகப் போகும். சுரங்கத்துக்குள் இறங்கும் வேகமே மேலேறவும் உதவும்படி சரிவைக் கணக்கிட்டிருந்தார். நடப்பவர்களுக்குத் தனி வழி. சைக்கிளோட்டி காரையே சந்திக்காமல் ஊரின் பெரும்பகுதியைச் சுற்றிவரலாம்.

இத்தனை இருந்தும் மக்கள் காரில்தான் போனார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே சைக்கிளில் வேலைக்குப் போவோர் நாட்டின் சராசரியை ஒட்டி, 3 சதவீத அளவில்தான் இருந்தார்கள். காரணம் எளிது. கிளாக்ஸ்டன் கார்களுக்கும் அருமையான சாலை போட்டிருந்தார்! அகலமான, நெரிசலில்லாத, சிக்னலில்லாத சாலைகள். போன இடத்தில் நிறுத்த தாராளமான இடம். கார் அவ்வளவு சுலபமாக இருக்கும்போது சைக்கிளை ஏன் எடுக்கவேண்டும்?

ஹாலந்து நகரங்கள் சைக்கிளுக்கு வழிவிட்டதோடு நிற்காமல், காருக்கு வழியைச் சுருக்கவும் செய்தன. பல பழைய ஊர்களில் சைக்கிளில் நேராகப் போகலாம், காரில் போனால் சுற்றிப் போகவேண்டும். ஸ்டீவனேஜ் செய்யாதது இதைத்தான்.

சேர்ந்து போவதும் சாத்தியம்

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தனிப் பாதைக்குப் பெயர்போன அதே ஹாலந்துதான், எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் தெருவையும் உலகுக்குக் காட்டியது. 1960களின் இறுதியில் டெல்ஃப்ட் நகரக் குடியிருப்புகளில் தொடங்கியது "வோனெர்ஃப்" என்ற முறை. தெருவில் நடைபாதை தனியாக இல்லை. மரங்களும் வளைவுகளும் இருக்கும். கார் நடக்கும் வேகத்தில்தான் வரலாம். குழந்தைகள் தெருவிலேயே விளையாடலாம். 1976ல் இதற்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது.

ஹான்ஸ் மாண்டர்மன் என்ற போக்குவரத்துப் பொறியாளர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். டிராக்டன் என்ற ஊரில் நாளொன்றுக்கு 20,000 வண்டிகள் கடக்கும் ஒரு சதுக்கத்தில் சிக்னல்களை எடுத்துவிட்டு இடத்தையே மாற்றி அமைத்தார். விதிகள் குறைந்தால் மனிதர்கள் ஒருவரையொருவர் கவனிப்பார்கள் என்பது அவர் நம்பிக்கை. பார்க்க வரும் பத்திரிகையாளர்கள் முன்னால் அவர் பின்பக்கமாக நடந்தே போக்குவரத்துக்குள் இறங்குவாராம்! 2008ல் அவர் காலமானார்.

ஆனால் இந்த முறையை அப்படியே நகலெடுத்த இடங்களில் சிக்கல்கள் எழுந்தன. பார்வையற்றவர்கள் நடைபாதை விளிம்பைக் கைத்தடியால் தடவித்தான் நடக்கிறார்கள். விளிம்பே இல்லாத தெருவில் அவர்கள் எப்படி நடப்பது? கண்ணால் பார்த்துச் சமாதானம் செய்துகொள்ளும் முறை அவர்களுக்கு உதவாது. இந்தப் புகார்கள் வலுத்ததால், 2018ல் பிரிட்டிஷ் அரசு போக்குவரத்து மிகுந்த தெருக்களில் இத்தகைய புதிய திட்டங்களை நிறுத்திவைக்கும்படி உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது.

சேர்ந்து போவது எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்வதில்லை என்பதற்கு விடை பள்ளி இயற்பியலில் இருக்கிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப கூடும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் காரைவிட 50 கி.மீ. வேகத்தில் வரும் அதே கார் ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றலோடு மோதும். நிறுத்தும் தூரமும் கூடிவிடும். முதல் மோதலில் பெரும்பாலும் எழுந்து நிற்கலாம். இரண்டாவதில் அந்த உறுதி இல்லை.

1990களில் ஹாலந்து உருவாக்கிய சாலைப் பாதுகாப்புக் கொள்கை இதைத்தான் விதியாக்கியது. 30 கி.மீ. வேகத்துக்குக் கட்டுப்பட்ட, வண்டிகள் குறைந்த தெருவில் சைக்கிளும் காரும் சேர்ந்தே போகலாம். 50 கி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் பிரித்தே ஆகவேண்டும். மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகக்கூடாது என்பது அதன் அடிப்படை. ஆக, அவர்கள் கண்ட விடை "தனிப் பாதையா, பொதுச் சாலையா" என்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக இல்லை. எந்தத் தெரு, எவ்வளவு வேகம், எத்தனை வண்டி என்பதே அவர்களுடைய கேள்வி.

லண்டன் மீண்டும்

தனிப் பாதையை எதிர்த்த லண்டனுக்கு என்ன ஆயிற்று? 2010ல் மேயர் போரிஸ் ஜான்சன் காலத்தில் "சைக்கிள் பெருவழிகள்" திறக்கப்பட்டன. பெயர்தான் பெரிது. பல இடங்களில் அது சாலையோரத்தில் பூசிய நீல வண்ணம் மட்டுமே. பஸ்ஸும் லாரியும் அதன் மேலேயே போகும். 2013 நவம்பரில் இரண்டே வாரங்களில் லண்டனில் ஆறு சைக்கிளோட்டிகள் இறந்தார்கள். நகரமே அதிர்ந்தது. ஹாலந்தில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததுபோல மக்கள் சாலையில் படுத்துப் போராடினார்கள்.

1934ல் தனிப் பாதையை எதிர்த்த நகரத்தின் சைக்கிளோட்டிகள், இப்போது தனிப் பாதை கேட்டார்கள். 2016ல் தேம்ஸ் நதியோரம் கான்கிரீட் விளிம்பு கட்டிப் பிரித்த கிழக்கு-மேற்குப் பாதை திறக்கப்பட்டது. ஹோர்-பெலிஷா வெட்டிய நாடாவுக்கும் இதற்கும் இடையில் 82 ஆண்டுகள்.

ஸ்பெயினின் செவில் நகரம் இவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளவில்லை. சைக்கிளே அபூர்வமாக இருந்த அந்த வெயில் நகரம், 2006க்குப் பின் மிகக் குறுகிய காலத்தில் தொடர்ச்சியான சுமார் 80 கி.மீ. தனிப் பாதைகளை ஒரே வலையாக அமைத்தது. சில ஆண்டுகளிலேயே சைக்கிள் பயணம் பல மடங்கு பெருகியது. பிறவியிலேயே சைக்கிள்காரர்கள் என்று யாரும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

யார் சொன்னது சரி?

1934ல் லண்டன் சங்கம் சொன்ன மூன்று காரணங்களையும் திரும்பிப் பார்த்தால், மூன்றிலும் உண்மை இருந்தது தெரிகிறது. பாதைகள் மோசமாகத்தான் இருந்தன. ஆபத்து காரிடமிருந்துதான் வந்தது. கட்டாயம் வரும் என்ற பயமும் பொய்யல்ல. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வட்டமான நீலப் பலகை வைத்த பாதை இருக்கும் இடத்தில் சைக்கிளோட்டி அதில்தான் போகவேண்டும் என்ற கட்டாயம் ஹாலந்தில் இன்றும் உண்டு. அங்கே அதைப் பெரிய கொடுமையாக யாரும் பேசுவதில்லை. பாதை நன்றாக இருந்தால் கட்டாயம் சுமையாகத் தெரிவதில்லை.

லண்டன் சங்கத்தின் தவறு வேறிடத்தில் இருந்தது. சாலையை அப்போது பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களை மட்டுமே அது நினைத்துப் பார்த்தது. திறமையான, வேகமான, நீண்டதூரம் ஓட்டும் அந்த உறுப்பினர்களுக்குத் தனிப் பாதை அவமானமாகப் பட்டது. ஹாலந்து இயக்கம் தொடங்கியதோ சைக்கிளோட்டிகளின் சங்கத்திலிருந்து அல்ல, குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோரிடமிருந்து. அதனால் அவர்கள் கேட்டது "எனக்குச் சாலையில் உரிமை உண்டா?" என்பதை அல்ல. "என் குழந்தை தனியாகப் பள்ளிக்குப் போய்த் திரும்பி வருமா?" என்பதை. கேள்வி மாறியதால் விடையும் மாறியது. 1971ல் 400ஐத் தாண்டியிருந்த குழந்தைச் சாவுகள், 2010ல் 14 ஆகக் குறைந்தன.

அங்கேயும் வேலை முடிந்துவிடவில்லை. 25 கி.மீ. வேகச் சிறு மொபெட்டுகள் சைக்கிள் பாதையில் நெரிசல் உண்டாக்கவே, 2019ல் ஆம்ஸ்டர்டாம் அவற்றை நகரின் பெரும்பகுதியில் சாலைக்கு மாற்றியது. 2023 டிசம்பரில் நகரின் பெரும்பாலான தெருக்களில் வேக வரம்பை 30 ஆகக் குறைத்தது. பின்னதில் லண்டன் சங்கத்தின் பழைய மூன்றாவது கோரிக்கை ஒளிந்திருக்கிறது: சைக்கிளை ஒதுக்காதே, காரை அடக்கு! தனிப் பாதைகள் நிறைந்த நகரமே அதையும் செய்கிறது.

ஒரு நகரம் எந்தப் பக்கம் முடிவெடுத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பாதையின் நீளத்தை அளக்கவேண்டியதில்லை. காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்று, எத்தனை பிள்ளைகள் தாங்களாகவே சைக்கிளில் வந்து இறங்குகிறார்கள் என்று எண்ணினால் போதும்.